புரட்டாசி விரதமும் ஓட்டப் பயிற்சியும்: ஆய்வுக் கேள்வியை எப்படி அமைப்பது?

வெஸ்ட்வில் மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உடற்பயிற்சி அறிவியல் துறையில், இளங்கலைக்குப் பின் வரும் ஆனர்ஸ் ஆண்டு படித்து வருகிறேன். ஆண்டு முடிவதற்குள் ஒரு சிறிய ஆய்வைத் திட்டமிட்டு, ஆய்வுகளில் மனிதர்களுக்குத் தீங்கு நேராமல் பார்க்கும் நெறிக்குழுவின் அனுமதி பெற்று, நடத்தி, அறிக்கையாக எழுதித் தர வேண்டும். நான் எடுத்துக்கொள்ள விரும்பும் பொருள் நம் வீடுகளில் எல்லோரும் அறிந்ததுதான். புரட்டாசி மாதத்தில் இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றை விட்டு விரதம் இருக்கும் நெடுந்தூர ஓட்டக்காரர்களின் உடல் திறன் அந்த மாதத்தில் மாறுகிறதா, மாறினால் எந்த அளவுக்கு, எதனால் என்பதே அது.

விளையாட்டு உணவியல் பாடத்தில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் இத்தனை கிராம் மாவுச்சத்து, இத்தனை கிராம் புரதம் என்று படிக்கிறோம். அந்த அளவுகள் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆட்டிறைச்சிக் குழம்பும் கோழியும் மீனும் வழக்கமாக உண்ணும் ஒரு குடும்பம், ஒரே நாளில் பருப்பு, காய்கறி, சோயா, சுகர் பீன்ஸ் என்னும் உலர்ந்த பீன்ஸ் கறி என்று மாறி, ஏறத்தாழ முப்பது நாள் அப்படியே இருந்து, மீண்டும் ஒரே நாளில் பழைய உணவுக்குத் திரும்புகிறது. இந்த மாற்றத்தை எந்த ஆய்வுக்கூடமும் ஏற்பாடு செய்யவில்லை. நம் ஊரில் ஆண்டுதோறும் அது தானாகவே நடக்கிறது. அந்த மாதத்திலும் பயிற்சியை நிறுத்தாதவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ரமலான் நோன்பும் விளையாட்டுத் திறனும் குறித்துப் பல நாடுகளில் ஏராளமான ஆய்வுகள் நடந்துள்ளன. எனினும் பகல் முழுவதும் நீரும் அருந்தாத அந்த நோன்பின் முடிவுகளை நம் விரதத்தின் மேல் அப்படியே வைத்துப் பார்க்க முடியாது என்றே நினைக்கிறேன்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் பொருளை வரவேற்றார்; ஆனால் கேள்வி மிகவும் அகலமாக இருக்கிறது என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பினார். விரதம் இருப்பவர் என்று யாரைச் சொல்வது, அவரை யாரோடு ஒப்பிடுவது, எதை அளப்பது என்ற மூன்றுக்கும் தெளிவான விடையோடு வரும்படி கேட்டிருக்கிறார். விரதத்தை உண்மையில் எப்படிக் கடைப்பிடிக்கிறீர்கள் என்று ஓட்டக்காரர்களும், எதை அளந்தால் பயன் உண்டு என்று ஆய்வு அனுபவம் உள்ளவர்களும் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். இரத்தப் பரிசோதனையும் டிரெட்மில் சோதனையும் வைத்துக்கொள்ளலாம் என்பது இப்போதைய எண்ணம்.


சாட்ஸ்வர்த் ஓட்டக்காரர் எழுதியது:

வணக்கம் மகளே. நல்ல பொருளை எடுத்திருக்கிறாய். விரதம் இருப்பவர் யார் என்ற உன் பேராசிரியரின் கேள்விக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன், ஏனென்றால் வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒரே விரதமாகத் தெரியும். உள்ளே அது அப்படி இல்லை.

எங்கள் ஓட்டக் குழுவிலேயே பல வகையினர் இருக்கிறார்கள். மாதம் முழுவதும் புலால் விட்டு, மற்றபடி வழக்கம்போல் மூன்று வேளையும் உண்பவர்கள்தான் பெரும்பான்மை. அவர்களில் சிலர் பாலும் தயிரும் சேர்த்துக்கொள்வார்கள், சிலர் வெங்காயமும் பூண்டும் கூடச் சேர்க்க மாட்டார்கள். இன்னொரு வகையினர் மாதம் முழுவதும் புலால் விடுவதோடு, சனிக்கிழமைகளில் பெருமாளுக்குப் பூசை முடியும் வரை எதுவும் உண்ணாமல் இருந்து, ஒரே வேளை உண்பார்கள். சனிக்கிழமைகளில் மட்டும் சைவமாக இருப்பவர்களும் உண்டு. விரதம் என்று பெயர் சொல்லாவிட்டாலும், வீட்டில் மனைவியோ தாயோ புலால் சமைக்காததால் வீட்டில் சைவமும் வேலையிடத்தில் கோழியுமாக இருப்பவர்களையும் நீ கணக்கில் வைக்க வேண்டும். இவர்கள் அனைவரையும் ஒரே குழுவில் போட்டு சராசரி எடுத்தால் யாரைப் பற்றியும் எதுவும் தெரியாது.

சனிக்கிழமையைத் தனியாகக் கவனி. சனிக்கிழமை காலையில் நார்த் பீச் கடற்கரையில் வாரந்தோறும் நடக்கும் பார்க்ரன் என்ற பொது ஓட்டத்தில் நம்மவர் பலர் 5 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். கடுமையான விரத நாளும் அதுவே. மறுநாள் ஞாயிறு காலையில்தான் பெரும்பாலான குழுக்களுக்கு வாரத்தின் நீண்ட ஓட்டம். முதல் நாள் ஒரே வேளை உண்டவர் மறுநாள் விடியற்காலையில் நீண்ட தூரம் ஓடும்போது உடலில் என்ன நடக்கிறது என்பது எனக்கு மிகவும் முக்கியமான கேள்வியாகப் படுகிறது. மாதத்தின் சராசரி இந்த ஒரு நாளை மறைத்துவிடும்.

பயிற்சி ஆண்டைப் பற்றியும் ஒரு செய்தி. காம்ரேட்ஸ் ஓட்டம் ஆண்டின் நடுப்பகுதியில் வருகிறது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடியவர்கள் அதன்பின் சில வாரம் ஓய்ந்திருந்து, புரட்டாசி வரும் நேரத்தில்தான் மறுபடியும் ஓட்டத்தைப் படிப்படியாகக் கூட்டத் தொடங்குவார்கள். ஆகவே அந்த மாதத்தில் ஒருவர் வேகமாக ஓடத் தொடங்கினால் அது உணவால் வந்ததா, பயிற்சி மீண்டதால் வந்ததா என்று நீ பிரித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

இந்தச் சாலையில் ஓடுபவர்களை ஆராய்ந்து உலகத்துக்கே பயன் கிடைத்திருக்கிறது என்பதையும் மறந்துவிடாதே. நீண்ட ஓட்டங்களில் முடிந்தவரை நிறையக் குடியுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லப்பட்டுவந்த காலத்தில், கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் டிம் நோக்ஸும் உடன் ஆய்வாளர்களும், அளவுக்கு மீறிக் குடித்து இரத்தத்தில் சோடியம் ஆபத்தாகக் குறைந்த நான்கு பேரைப் பற்றி 1985-இல் எழுதினார்கள். பின்னர் 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரிடம் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. இன்று தாகத்துக்குக் குடி என்று சொல்லப்படுவதன் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. ஆனால் 1921-இல் தொடங்கிய காம்ரேட்ஸ், எல்லா இனத்தவருக்கும் பெண்களுக்கும் முறையாகத் திறக்கப்பட்டது 1975-இல்தான். நம்மவர்களின் உடலும் உணவும் இந்த நாட்டின் விளையாட்டு ஆய்வுகளுக்குள் இவ்வளவு தாமதமாக வந்து சேர்வதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. உன் ஆய்வு சிறியதாக இருந்தாலும் அதைச் செய்யாமல் விட்டுவிடாதே.


ஃபீனிக்ஸ் உணவியலாளர் எழுதியது:

அன்புத் தங்கைக்கு வணக்கம். இரத்தப் பரிசோதனை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்காக இரத்தம் எடுக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு மாதத்தில் மாறக்கூடியதை மட்டுமே ஒரு மாத ஆய்வில் அளக்க வேண்டும்.

சைவ உணவு என்றவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வைட்டமின் பி12. ஆனால் வழக்கமாகப் புலால் உண்பவரின் கல்லீரலில் அதன் சேமிப்பு ஆண்டுக்கணக்கில் போதுமான அளவுக்கு இருக்கும். முப்பது நாள் விலகலால் அது குறைந்ததாகக் காட்டாது. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் மெதுவாகவே அசைவது. அதோடு கடும் பயிற்சியாலோ சளி காய்ச்சலாலோ அழற்சி ஏற்பட்டால் அது உயர்ந்தும் காட்டும். மூன்று மாத இரத்தச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி, சிவப்பணுக்களின் ஏறத்தாழ 120 நாள் ஆயுளைச் சார்ந்தது என்பதால் ஒரு மாத மாற்றத்தை முழுமையாகக் காட்டாது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் நான்கு வாரத்தில் மாறக்கூடியதுதான். ஆனால் உங்கள் கேள்வி ஓட்டத் திறனைப் பற்றியது. அதற்கு எல்டிஎல் விடை தராது. ஆகவே என் கருத்தில் இந்த ஆய்வுக்கு ஊசியே தேவையில்லை. காரணமில்லாமல் ஒருவரின் உடலில் ஊசி குத்துவதை நெறிக்குழுவும் ஏற்காது.

விரைவில் மாறுவது தசையிலும் கல்லீரலிலும் உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன். 1960-களில் சுவீடனில் பெர்க்ஸ்ட்ரோமும் ஹல்ட்மனும் தசையில் இருந்து ஊசி வழியாகச் சிறு துண்டு எடுத்து அளந்து, உணவில் மாவுச்சத்து கூடினால் கிளைக்கோஜனும் கூடுகிறது, அது கூடினால் நீண்ட நேரம் உழைக்க முடிகிறது என்று காட்டினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், விரத மாதத்தில் ஓட்டக்காரர் பலவீனமாவார் என்று முன்கூட்டியே கருதிவிட வேண்டாம். தட்டில் இறைச்சி இருந்த இடத்தைச் சோறும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் நிரப்பினால், அவர் உண்ணும் மாவுச்சத்து கூடியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்த இடத்தைப் பொரித்த பலகாரங்கள் நிரப்பினால் கூடுவது எண்ணெய். இவற்றில் எது நடக்கிறது என்பதை அவர் என்ன உண்கிறார் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

புரதத்தில் கவனம் தேவை. பயிற்சி செய்பவர்களுக்கு உடல் எடையின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை என்று உணவியல், விளையாட்டு மருத்துவ அமைப்புகள் 2016-இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 72 முதல் 120 கிராம் வரை ஆகிறது. கெட்டியாக வேகவைத்த பருப்பு ஒரு கப்பில் ஏறத்தாழ 18 கிராம் புரதம் இருக்கும் என்று அட்டவணைகள் சொல்லும். நம் வீடுகளில் சோற்றின் மேல் ஊற்றும் பருப்பு எவ்வளவு நீர்த்தது என்பது உங்களுக்குத் தெரியும்; அதே கப்பில் அதன் பாதிகூட இருக்காது. சோயாவும் சுகர் பீன்ஸும் தயிரும் உண்பவர் எளிதாகச் சமாளிப்பார். பருப்பும் ஊறுகாயுமாக முடித்துக்கொள்பவர் சமாளிக்க மாட்டார்.

இங்கேதான் உங்கள் ஆய்வின் கடினமான பகுதி இருக்கிறது. மனிதர்கள் தாம் உண்டதைக் குறைத்தே எழுதுகிறார்கள். உடல் செலவிடும் ஆற்றலைத் தனியே அளக்கும் முறைகளோடு ஒப்பிட்ட ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. தென்னாப்பிரிக்க மருத்துவ ஆய்வு மன்றத்தின் உணவுச் சத்து அட்டவணை உங்களுக்குக் கிடைக்கும். ஆனால் பருப்புக் குழம்பு என்ற ஒரு பெயருக்கு எத்தனை வீடுகள் உண்டோ அத்தனை செய்முறைகள் உண்டு. ஆகவே பங்கேற்பவரிடம் மட்டும் கேட்காமல், சமைப்பவரிடமும் கேளுங்கள். பானையில் எவ்வளவு பருப்பு, எவ்வளவு எண்ணெய், எத்தனை பேர் உண்டார்கள், இவருக்கு எத்தனை கரண்டி என்று தராசு கொண்டு பதிந்தால்தான் அட்டவணைக்குப் பொருள் உண்டு. பதிவு நாள்களில் ஒரு வேலை நாள், ஒரு சனி, ஒரு ஞாயிறு மூன்றும் கட்டாயம் இருக்கட்டும்.

உடல் கொழுப்பை அளக்க எண்ணினால் ஓர் எச்சரிக்கை. தோல்மடிப்பு அளவில் இருந்து கொழுப்புச் சதவீதம் கணக்கிடப் பரவலாகப் பயன்படும் டர்னின்-வோமர்ஸ்லி சமன்பாடு 1974-இல் ஸ்காட்லாந்து மக்களிடம் அளந்து உருவாக்கியது. தெற்காசிய வம்சாவளியினருக்கு அதே உடல் எடைக் குறியீட்டில் (BMI) கொழுப்பு அதிகம் இருக்கும் என்பது நன்கு அறியப்பட்டது. அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ஆசிய மக்களுக்கு அந்தக் குறியீட்டில் 23, 27.5 என்ற கூடுதல் எல்லைகளை 2004-இல் முன்வைத்தது. நீங்கள் சதவீதமாக மாற்ற வேண்டாம். ஒரே கையால், ஒரே இடங்களில் எடுத்த மடிப்புகளின் மில்லிமீட்டர் கூட்டுத்தொகையை அப்படியே ஒப்பிடுங்கள். ஒருவரிடம் ஏற்படும் மாற்றத்தைக் காண அதுவே போதும்.

பெண் ஓட்டக்காரர்களிடம் மாதவிடாய் ஒழுங்கைப் பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள். சனிக்கிழமை ஒரே வேளை உணவு, ஞாயிறு நீண்ட ஓட்டம் என்று வாரந்தோறும் தொடரும்போது உழைப்புக்குப் போதிய ஆற்றல் உடலுக்குக் கிடைக்காமல் போகலாம். 2014-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இந்தக் குறைபாட்டைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.


பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஓய்வுபெற்ற விரிவுரையாளர் எழுதியது:

மாணவிக்கு வணக்கம். மேலே எழுதிய இருவரும் விரதத்தையும் உணவையும் தெளிவாக்கிவிட்டார்கள். நான் ஒப்பீட்டைப் பற்றி எழுதுகிறேன். ஆய்வு நிற்பதும் விழுவதும் அதில்தான்.

புரட்டாசிக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை அளந்து வித்தியாசத்தை விரதத்தின் விளைவு என்று எழுதுவது மிக எளிது. அப்படி எழுதக் கூடாது. இந்த மாதம் செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடிகிறது. டர்பனில் அது குளிர் விலகி வெப்பமும் ஈரப்பதமும் ஏறும் காலம். ஈரப்பதம் ஏறினால் வியர்வை ஆவியாவது குறைந்து, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். ரமலான் ஆய்வுகளுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கே இருக்கிறது. சந்திர ஆண்டைப் பின்பற்றும் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்து, பல ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகிறது. அதனால் நோன்பின் விளைவையும் பருவத்தின் விளைவையும் காலப்போக்கில் பிரித்துப் பார்க்க அங்கே வழி உண்டு. புரட்டாசி சூரிய மாதம். எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் அதே பருவத்தில்தான் வரும். ஆகவே அதே குழுவில், அதே சாலையில், அதே வாரங்களில் ஓடுகிற, ஆனால் விரதம் இல்லாத ஓட்டக்காரர்கள் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இந்த ஆய்வைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஒப்பீட்டுக் குழு இருந்தாலும் ஒரு சிக்கல் மீதம் இருக்கும். விரதம் இருப்பவரும் இல்லாதவரும் தாமாகவே அப்படிப் பிரிந்தவர்கள். நாம் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றி ஜெரி மோரிஸ் செய்த ஆய்வை நீங்கள் படித்திருப்பீர்கள். நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர்களைவிடப் படியேறி இறங்கும் நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று 1953-இல் அவர் குழு வெளியிட்டது. அத்தோடு அவர் நிற்கவில்லை. 1956-இல் ஊழியர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்து, ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்ததையும் தாமே வெளியிட்டார். வேலை உடலை மாற்றியதா, உடலுக்கு ஏற்ப வேலை அமைந்ததா என்ற ஐயத்தைத் தம் கண்டுபிடிப்பின் மேல் தாமே எழுப்பினார் அவர். உங்கள் ஆய்விலும் அந்த நேர்மை வேண்டும். விரதம் இருப்பவர் வயதில் மூத்தவராகவோ, புகை பிடிக்காதவராகவோ, ஒழுங்காகப் பயிற்சி செய்பவராகவோ முன்பே இருக்கலாம்.

இன்னொன்றை யாரும் இதுவரை குறிப்பிடவில்லை. புரட்டாசியில் பலர் இறைச்சியோடு மதுவையும் விட்டுவிடுகிறார்கள். வார இறுதியில் மது அருந்தி வந்த ஒருவர் அதை நிறுத்தினால் தூக்கம் சீராகும், ஞாயிறு ஓட்டம் இலகுவாகும். அந்த நன்மையைப் பருப்பின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. மது, தூக்கம், பயிற்சித் தூரம் மூன்றையும் இரு குழுவிலும் வாரந்தோறும் பதியுங்கள்.

எதை அளப்பது? உச்ச ஆக்சிஜன் நுகர்வைக் கண்டறியும் டிரெட்மில் சோதனை மதிப்பு மிக்கது. ஆனால் பயிற்சி பெற்ற ஒருவரிடம் நான்கு வாரத்தில் அது பெரிதாக அசையாது. களைத்து விழும் வரை ஓடச் சொல்லும் சோதனையில், எதுவும் மாறாதபோதே ஒருவரின் முடிவு ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபடுவது வழக்கம். குறிப்பிட்ட தூரத்தை எவ்வளவு விரைவாக முடிக்கிறார் என்று பார்க்கும் நேர ஓட்டத்தில் அந்த ஏற்ற இறக்கம் பொதுவாக ஐந்து சதவீதத்துக்குள் இருக்கும். நீங்கள் தேடும் மாற்றம் சிறியது. ஆகவே ஏற்ற இறக்கம் குறைந்த அளவுகோலைத் தேர்ந்தெடுங்கள். பார்க்ரன் நேரங்களை எடுத்துக்கொள்ள ஆசை வரும். கடற்காற்று வாரத்துக்கு வாரம் மாறுவதாலும், அங்கே பலர் நண்பரோடு பேசிக்கொண்டே ஓடுவதாலும், அதை முதன்மை அளவாகக் கொள்ள வேண்டாம். ஓட்டத் தடத்தில் 5 கிலோமீட்டர் நேர ஓட்டம் வைத்து, இதயத் துடிப்பையும், எவ்வளவு கடினமாக இருந்தது என்று போர்க் அளவுகோலில் அவர்கள் சொல்லும் எண்ணையும் பதியுங்கள். முதல் ஓட்டத்தைப் பழகுவதற்கென்று விட்டுவிடுங்கள். இரண்டாம் முறை ஓடும்போது எவரும் தடத்தை அறிந்து சற்று வேகமாகவே ஓடுவார்.

இறுதி அளவை எந்த நாளில் எடுப்பது என்பதையும் இப்போதே குறித்துவிடுங்கள். புரட்டாசி முடிந்து சில வாரத்துக்குள் தீபாவளி வருகிறது. அப்போது வீடு முழுவதும் இனிப்பும் பலகாரமும் இருக்கும். விரதம் முடிந்த பின் இயல்பு நிலைக்குத் திரும்பியதைப் பார்க்க விரும்பினால், தீபாவளி வாரத்தைத் தவிர்த்த ஒரு நாளாக அது இருக்க வேண்டும். அந்த ஆண்டு நாள்காட்டியில் இடைவெளி போதவில்லை என்றால் மூன்றாம் அளவைக் கைவிட்டு, முன்னும் மாத இறுதியிலும் இரண்டே அளவோடு நில்லுங்கள்.

என் பரிந்துரை இது. ஆனர்ஸ் ஆண்டில் திறன் மாற்றத்துக்கு முடிவான விடை தேடாதீர்கள். அதற்கு வேண்டிய ஆள் எண்ணிக்கை உங்களுக்குக் கிடைக்காது. மாதம் முழுவதும் புலால் விடும் ஓட்டக்காரர்களின் ஆற்றல், மாவுச்சத்து, புரத உட்கொள்ளல், அதே குழுவில் விரதம் இல்லாதவர்களோடு ஒப்பிடும்போது எப்படி மாறுகிறது என்பதை முதன்மைக் கேள்வியாக வையுங்கள். நேர ஓட்டம் இரண்டாம் நிலையில் இருக்கட்டும். முதுகலையில் இதையே பெரிதாக எடுத்துச் செல்ல இந்த எண்கள் அடித்தளமாகும். 1961-இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று பிரித்து வைத்த கல்லூரியில் நம்மவர்கள் படிக்கத் தொடங்கிய காலத்தில், இப்படிப்பட்ட ஒரு கேள்வியைத் தன் சமூகத்தில் இருந்தே எடுத்துப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோகும் மாணவியை எங்களால் எண்ணிப் பார்க்க முடிந்ததில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.


கோயில் குழு உறுப்பினர், மவுண்ட் எட்ஜ்கம்ப் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. பங்கேற்பவர்களைச் சேர்ப்பது பற்றி மட்டும் சொல்கிறேன். சனிக்கிழமைப் பூசையில் ஐயரையோ தலைவரையோ அறிவிக்கச் சொன்னால் நிறையப் பேர் வருவார்கள் என்று தோன்றும். அது வேண்டாம். பெரியவர் சொல்லி வருபவருக்கு மறுக்கும் உரிமை இருப்பதாகத் தோன்றாது. கோயில் குழு இடம் தரலாம், அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்ட அனுமதிக்கலாம். ஒவ்வொருவரின் ஒப்புதலையும் தனித்தனியாக நீங்களே கேட்டுப் பெற வேண்டும், எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்று வாயாலும் சொல்ல வேண்டும்.

நீங்கள் ஒரே தாளில் ஒருவரின் சமய நம்பிக்கையையும் உடல்நிலையையும் பதிகிறீர்கள். இரண்டுமே நம் நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் சிறப்புப் பாதுகாப்புக்குரியவை. பெயர் ஓரிடத்திலும் எண்கள் வேறிடத்திலும் இருக்கட்டும். விரதத்தை இடையில் முறித்தவர் அதை உங்களிடம் உண்மையாகச் சொல்ல வேண்டுமானால், அது கோயிலில் யார் காதுக்கும் போகாது என்ற உறுதி அவருக்கு இருக்க வேண்டும். முடிவு எதுவாக இருந்தாலும், விரதம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு எழுதாமல் நீங்கள் அளந்ததை எழுதுங்கள்.


வெஸ்ட்வில் மாணவி எழுதியது:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரத்தப் பரிசோதனையையும் டிரெட்மில் சோதனையையும் விட்டுவிட்டேன். விரிவுரையாளர் ஐயா சொன்ன கேள்வியை முதன்மையாக வைத்து, நேர ஓட்டத்தை இரண்டாம் நிலையில் வைத்து, விரதம் இல்லாதவர்களையும் அதே ஓட்டக் குழுக்களில் இருந்தே சேர்ப்பதாகத் திட்டத்தைத் திருத்தி எழுதி வழிகாட்டியிடம் கொடுத்தேன். அவர் ஏற்றுக்கொண்டார். நெறிக்குழுவின் அனுமதி வருவதற்கு முன் ஒருவரைக்கூடச் சேர்க்க முடியாது என்பதால், ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் அது கைக்கு வரும்படி விண்ணப்பத்தை உடனே அனுப்புகிறேன்.

ஒரே ஓர் ஐயம் மீதமிருக்கிறது. சனிக்கிழமை மட்டும் சைவமாக இருப்பவர்களையும், வீட்டில் சைவமும் வெளியில் புலாலுமாக இருப்பவர்களையும் என்ன செய்வது? மூன்றாம் குழுவாகச் சேர்ப்பதா, ஆய்வில் இருந்து விலக்குவதா?


பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஓய்வுபெற்ற விரிவுரையாளர் எழுதியது:

விலக்க வேண்டாம், மூன்றாம் குழுவும் வேண்டாம். குழுக்களைக் கூட்டினால் ஒவ்வொன்றிலும் ஆள் குறைந்து, எதிலும் எதுவும் சொல்ல முடியாமல் போகும். எல்லோரிடமும் அந்த மாதத்தில் புலால் இல்லாத நாள்கள் எத்தனை, ஒரே வேளை உண்ட நாள்கள் எத்தனை என்று கேட்டு எண்ணாகவே பதிந்துகொள்ளுங்கள். முதன்மை ஒப்பீட்டில் மாதம் முழுவதும் விட்டவர்களும் விடாதவர்களும் மட்டும் இருப்பார்கள். இடையில் இருப்பவர்களைக் கொண்டு, புலால் இல்லாத நாள்கள் கூடக்கூட மாவுச்சத்தும் புரதமும் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று தனியே பாருங்கள். இதைத் தரவு சேகரிக்கத் தொடங்கும் முன்பே திட்டத்தில் எழுதி, நாள் இட்டு, வழிகாட்டியின் கையொப்பம் பெற்றுவிடுங்கள்.


ஃபீனிக்ஸ் உணவியலாளர் எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஆடி மாதத்தில் நம் வீடுகளில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வாரங்களில் உங்கள் உணவுப் பதிவுத் தாளை உங்கள் சொந்தக் குடும்பத்தில் ஒருமுறை நடத்திப் பாருங்கள். சமைப்பவர் எந்தக் கேள்விக்குத் தடுமாறுகிறார், எந்தப் பாத்திரத்தை எடை போட முடியவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். புரட்டாசி பிறக்கும் முன் தாளைத் திருத்த நேரமும் இருக்கும். என்னிடம் அளவுக் கரண்டிகளும் சமையலறைத் தராசுகளும் உள்ளன. ஆய்வு முடியும் வரை வைத்துக்கொள்ளத் தருகிறேன். இந்தத் தளத்தின் தனிச்செய்தியில் எழுதுங்கள்.